நாசரேத்துக்காரியின் மூச்சு

என் மாமியார் வீட்டில் ஒருவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆளைக் கடலுக்குள் முக்கிப் பார்ப்பார்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற குடும்பம் அது. சளி பிடித்தாலும் தண்ணீர், இருமினாலும் தண்ணீர், பெண் பார்க்கப் போவதற்கு முன்னாலும் தண்ணீர்தான். படகுகளுக்குப் பக்கத்தில் கழுத்தளவு ஆழத்தில் ஆள் முங்கியதும், கரையில் நிற்கிற மாமி "அருள் நிறைந்த மரியே" என்று ஜெபத்தைத் தொடங்குவார். தலை வெளியே வருவதற்குள் எத்தனை தடவை ஜெபம் முடிகிறதோ, அதுதான் அந்த ஆளின் ஆரோக்கியம். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் மூச்சு இல்லாத ஊர்க்காரர்களுக்கு.

இதில் மாமி செய்கிற ஓரவஞ்சனையைச் சொல்லியே ஆகவேண்டும். பெற்ற பிள்ளை முங்கினால் ஜெபம் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓடும். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஊரான் பிள்ளை முங்கினாலோ பெரிய வெள்ளிக்கிழமை வழிபாடு போல இழுத்து இழுத்து, நடுவில் ஒரு கொட்டாவியும் விட்டு முடிப்பார். கேட்டால், "மாதாகிட்ட அவசரப்படக்கூடாதுளா" என்பார்.

எங்களுக்குச் சம்பந்தம் பேச வந்தபோதே இது தொடங்கிவிட்டது. என் அப்பா நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். நாங்கள் வேறு சபை. எங்கள் வீட்டில் மாதா ஜெபம் சொல்லும் வழக்கமும் இல்லை, கடலும் இல்லை. "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மரியாதைக்குக் கேட்டார். "பன்னெண்டு அருள் நிறைந்த நிப்பான்" என்றார் மாமி. அப்பா தலையை ஆட்டிவைத்துவிட்டு, அவர்கள் போனபிறகு என்னிடம், "பன்னெண்டு நிக்கிறதுன்னா அது நோயாம்மா, உத்தியோகமா?" என்று கேட்டார்.

கல்யாணமான புதிதில் என்னையும் முக்கினார்கள். பாதி ஜெபத்துக்குள் இருமிக்கொண்டு எழுந்துவிட்டேன். அதுவும் மாமி மருமகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் வேகத்தில். மச்சான்மார் எல்லோரும் சிரித்தார்கள். "நாசரேத்துக்காரிக்கு மூச்சு கம்மி" என்று மாமி தீர்ப்பு எழுதினார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பட்டம். படி ஏறி நான் பெருமூச்சு விட்டால், "செம்மண் காட்டுல வளந்தவ, மூச்சுக்கு எங்க போவா?" என்பார்கள். நானும் அதை ஒப்புக்கொண்டேன். சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குச் சமையல் வராது, எனக்கு மூச்சு வராது என்று வைத்துக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று எங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் அண்ணன்மாரோடு கடலுக்குப் போகாமல், துறைமுகத்தை ஒட்டிய ஒரு நிலக்கரி யார்டில் லோடர் வண்டி ஓட்டப் போனார். கப்பலில் வந்து இறங்கும் கரியை மலை மாதிரி குவிப்பதும், குவித்ததை லாரிகளில் அள்ளிப் போடுவதும்தான் வேலை. முத்தையாபுரத்தில் வீடு எடுத்தோம். எங்கள் பகுதியில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தெரிய வானிலை அறிக்கை தேவையில்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் போதும்.

வீட்டைக் கறுக்க விடுவதில்லை என்று நான் சபதமே எடுத்திருந்தேன். சாயங்காலம் அவருடைய பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய் நிற்பேன். கேட்டுக்கு உள்ளே வருமுன் சட்டையைக் கழற்றச் சொல்லிவிடுவேன். அந்தச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உதறுகிற உதறலில் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம் பேன்ட். அதற்கும் மசியாத கரியை மதில் சுவரில் அடித்து இறக்குவேன். அதன்பிறகுதான் துணி தண்ணீரைப் பார்க்கும். "உதறாம வாளியில போட்டா வாளியும் கறுப்பு, மத்த துணியும் கறுப்பு" என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். எங்கள் வரிசையில் யார்டு வேலைக்காரர்களின் மனைவிமார் எல்லோரும் என்னைப் பார்த்து உதறத் தொடங்கினார்கள். ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கோயில் மேளம் மாதிரி சத்தம் கேட்கும்.

எனக்கிருந்த கவலை எல்லாம் அவருடைய நெஞ்சைப் பற்றித்தான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் பாடம் நடத்துவேன். "பெரிய தூசிக்கு நான் பயப்படலங்க. அது மூக்குலயும் தொண்டையிலயும் மாட்டிக்கிட்டு, காறித் துப்பினா கறுப்பா வந்திரும். கண்ணுக்கே தெரியாத தூசி இருக்கு பாருங்க, அது நேரா நுரையீரலோட அடியில இருக்கிற காற்றுப்பை வரைக்கும் போகும். அங்க அடுத்த வீடு ரத்தக் குழாய். நடுவுல சுவர்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் கிடையாது."

அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்பார். "ஏளா, கரி ரொம்ப நாள் உள்ள கெடந்தா வைரமாயிரும்னு நீதான பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க? எனக்குள்ள வேண்டிய மட்டும் கெடக்கு. பொறுத்திரு. வயசான காலத்துல அறுத்துப் பாத்தா நீ பணக்காரி."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

ஒரு ஐப்பசி மழைக்கு அவருக்கு இருமல் பிடித்தது. மழை நின்றும் இருமல் நிற்கவில்லை. எனக்குள் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. யார்டில் அவருக்கு முன்னால் வேலை பார்த்த ஒருவர், நாலு எட்டு வைத்து நாலு மூச்சு வாங்கி நடப்பதைத் தினமும் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கிறவள் நான். இவரும் அப்படி ஆகிவிடுவாரோ என்ற நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் போவோம் என்றேன். வாயுத் தொல்லைதான் என்று தட்டிக்கழித்தார். எங்கள் ஊரில் மாரடைப்பு வந்தாலும் முதலில் வாயு என்றுதான் பெயர் வைப்பார்கள். நான் விடவில்லை. கடைசியில், "சரி, ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட போயி மூச்சு பாப்போம். கொறஞ்சிருந்தா டாக்டர்கிட்ட வாரேன்" என்று ஒப்பந்தம் போட்டார்.

திரேஸ்புரத்துக்குப் போனோம். அண்ணன்மார் சூழ நின்றார்கள். அவர் முங்கினார். மாமி கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை ஓட்டினார். "மாமி, கொஞ்சம் நிதானமா" என்று நான் முழங்கையால் இடித்தும் பார்த்தேன். "நீ உன் சபை ஜெபத்தைச் சொல்லுளா, இது எங்க சோலி" என்று மூச்சுவிடாமல் என்னையும் திட்டிக்கொண்டு அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். இவர் எழுந்து வந்தபோது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நாற்பதைக் கடந்த மனுஷன். தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். அன்று மதியம் ஊளி மீன் குழம்பு. எனக்குத்தான் ருசிக்கவில்லை.

பிடிவாதக்காரனை நேர்வழியில் திருப்ப முடியாது. தூண்டில்தான் போடவேண்டும். தனக்கென்றால் வராத மனுஷன் எனக்கென்றால் வருவார் என்று எனக்குத் தெரியும். மில்லர்புரத்தில் நெஞ்சு நோய் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். அவரிடம் போனில் திட்டத்தைச் சொன்னேன். நான் மூச்சு வாங்குகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு வருவேன், என் வீட்டுக்காரரும் கூட வருவார், நீங்கள் என்னைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "கூட இருக்கிறவரையும் பரிசோதிக்க வேண்டும்" என்று அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டரம்மா சிரித்தார். "சரி டீச்சர், வாங்க, நடிப்போம்" என்றார்.

இரண்டு நாள் வீட்டில் நன்றாக நடித்தேன். மொட்டைமாடிப் படியில் பாதியிலேயே உட்கார்ந்தேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தேன். நடிப்பு இவ்வளவு சுலபமாக வருகிறதே, நாடகத்துக்குப் போயிருக்கலாமே என்றுகூட நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவரே பைக்கை எடுத்துவிட்டார்.

டாக்டரம்மா நன்றாகத்தான் தொடங்கினார். என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "வீட்ல ரெண்டு பேரும் ஒரே காத்தைத்தான சுவாசிக்கிறீங்க, சாரையும் பாத்துருவோம்" என்றார். இவரும் மாட்டிக்கொண்டோம் என்று தெரியாமல் தலையாட்டினார். எங்கள் இருவர் விரலிலும் ஆளுக்கொரு கிளிப்பை மாட்டி, வராந்தாவில் நிற்காமல் நடக்கச் சொன்னார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அந்தக் கிளிப் காட்டும். இவர் சப்பரத்துக்கு முன்னால் போகிறவர் மாதிரி கையை வீசி நடந்தார். நான் பின்னால் என் நாடகத்தைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, கிளிப்பைப் பார்த்து, அதைக் கழற்றி வேறு விரலில் மாட்டினார். மறுபடியும் பார்த்தார். முகம் மாறியது.

ஆஹா, என்னைவிடப் பெரிய நடிகை என்று நினைத்தேன். இவர் பார்க்காத நேரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "டீச்சர், உக்காருங்க" என்றார்.

அன்றே இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாளும் சில பரிசோதனைகள். முடிவில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். என் வீட்டுக்காரருக்கும் மூச்சுக்குழாயில் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது, அதற்கு மருந்து போதும் என்றார். எனக்கு நுரையீரலின் ரத்தக் குழாய்களிலேயே கோளாறு. அவற்றில் அழுத்தம் கூடியிருக்கிறது, அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் அலுக்கத் தொடங்கியிருக்கிறது என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. "டாக்டர், இவளுக்கு மொதல்லேருந்தே மூச்சு கம்மி. நாசரேத்து" என்றார். ஏதோ ரத்த வகையைச் சொல்வதுபோல் சொன்னார்.

"நாசரேத்துக்குத் தனி நுரையீரல் கிடையாதுங்க" என்றார் டாக்டரம்மா.

பிறகு அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உப்பளம் பாத்திருப்பீங்கல்லா? பாத்தியில தண்ணி கட்டுறதுக்கு முன்னால தரையை மிதிமிதின்னு மிதிச்சு இறுக்குவாங்களே, எதுக்கு?"

"தண்ணி கீழ எறங்காம இருக்க. சேறு கலக்காம இருக்க."

"ரத்தக் குழாய்க்கு உள்ளயும் அப்படி ஒரு தரை உண்டு. ஒரே ஒரு அடுக்கு செல்லு. அது சும்மா கிடக்கிற தரை இல்ல. குழாயை எப்போ தளர விடணும், ரத்தம் உறையாம எப்படிப் பாத்துக்கணும், எதை வெளிய விடலாம், எதை விடக்கூடாதுன்னு அதுதான் கவனிக்கும். ரொம்பப் பொடித் தூசி காற்றுப்பை வரைக்கும் போச்சுன்னா, அங்க வர்ற அழற்சி இந்தத் தரை வரைக்கும் பரவும். சில தூசி தானே தாண்டியும் வந்திரும். தரை வீங்கும். அங்கங்க இடைவெளி விடும். தளரச் சொல்ற வேலையை மறந்திரும். வருசக்கணக்கா இப்படியே நடந்தா குழாய் விறைச்சுப் போகும். மூச்சு உள்ள வந்தாலும், ரத்தம் வந்து எடுத்துட்டுப் போக வழி குறைஞ்சிரும்."

"நான் பன்னெண்டு நிப்பேனே?" என்றார் அவர். குரலில் பெருமை இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்பதுபோல் கேட்டார்.

"அது பழக்கம். மூச்சை அடக்கத் தெரியுதுன்னு அர்த்தம். குழாய் எப்படி இருக்குன்னு அது காட்டாது. நீங்க தண்ணிக்குள்ள நிறைய நின்னதால நல்லா இருக்கீங்கன்னு நினைச்சீங்க. இவங்களால நிக்க முடியாததால பொறந்ததுலேருந்தே இப்படித்தான்னு நினைச்சீங்க. ரெண்டும் தப்பு."

டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "அவர் கண்ணாடி போட்ட கேபின்ல உக்காந்துதான் வண்டி ஓட்டுறார். நீங்க எங்க தூசி வாங்குறீங்க டீச்சர்? சட்டையை யார் துவைக்கிறது?"

நான் சொன்னேன். உதறுவதைச் சொன்னேன், மதிலில் அடிப்பதைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, அவர் ஒரு நாள் முழுக்கச் சேர்த்த கரியைக் காற்றில் பறக்கவிட்டு, அதன் நடுவில் நின்று பெருமையாக மூச்சு வாங்கியிருக்கிறேன். பெரிய தூசி தரையில் விழுந்தது. வாளிக்குத் தப்பிய பொடித் தூசிதான், நான் வகுப்பில் படம் போட்டு நடத்தும் அதே பொடித் தூசிதான், என் மூக்கு வழியே போயிருக்கிறது.

எல்லாவற்றையும் சட்டையின் மேலே போட்டுவிட முடியாது என்றார் டாக்டரம்மா. லாரிகளின் புகை இருக்கிறது, எங்கள் பகுதிக் காற்றே அப்படி, நான் சிறுவயதில் ஊதிய விறகடுப்பும் இருக்கிறது, உடம்பின் சுபாவமும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மருந்து இருக்கிறது, இப்போதே வந்தது நல்லது, முழுக்க மாற்ற முடியாவிட்டாலும் மேலே போகாமல் பிடிக்கப் பார்க்கலாம் என்றார். அந்த "பார்க்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. செத்துப்போய்விடுவேனோ என்று முதன்முறையாக நினைத்தேன். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாததால் டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடி மூடித் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் எதற்கும் ஒரு பகடி வைத்திருப்பவர். அன்று வீடு வரும்வரை பள்ளம் பார்த்துப் பார்த்து பைக்கை ஓட்டினார். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, "நான்தான கொண்டாந்தேன்" என்றார். கரியைத்தான் சொன்னார்.

மறுநாளே யார்டில் போய்ச் சண்டை போட்டார். தொழிலாளிகள் குளித்து உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஓர் இடம் வேண்டும், துணியை அங்கேயே துவைக்க வேண்டும் என்று கூடவே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மேலாளர் முன்னால் நின்றார். இழுத்தடித்து, கடைசியில் தகரம் அடித்த ஒரு குளியலறை வந்தது. தெருவில் நானே வீடு வீடாகப் போய் உதறலை நிறுத்தச் சொன்னேன். "நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, கிளிப்பையும் பரிசோதனையையும் சொல்லி, துணியை அப்படியே தண்ணீரில் முக்குங்கள் என்று சொல்வதற்குள் எனக்கு வாய் வலித்தது. சேதி கேட்டதும் மாமி இரண்டு சீலா மீனோடு வந்தார். "அவளுக்கு முன்னாலயே மூச்சு கம்மில்லா" என்று தொடங்கினார். "அம்மா, இனிமே அந்தப் பேச்சு பேசாத" என்றார் மகன். மாமி மகன் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அரிவாள்மனையை எடுத்து மீனை நறுக்கினார்.

இப்போது மாத்திரைகள் சாப்பிடுகிறேன். தினமும் சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும், மூச்சு வாங்கினால் நிற்கவேண்டும் என்று உத்தரவு. அவர் கூட வருகிறார். எனக்கு மூச்சு வாங்கத் தொடங்குமுன்பே அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. உடனே நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரை மும்முரமாகப் படிக்கத் தொடங்குவார். காதணி விழா, டியூஷன் சென்டர், கபடிப் போட்டி எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பார். நான் நின்றது என் மூச்சுக்காக இல்லையாம், அவருடைய படிப்புக்காகவாம். எனக்கு எரிச்சலாக வரும். "இது நேத்துப் படிச்சதுதானங்க" என்பேன். "நேத்து வெளிச்சம் பத்தல" என்பார்.

போன வாரம் அப்படித்தான் ஒரு சுவரைப் பார்த்துச் சட்டென்று நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அன்பு மனைவியும்..." என்று இரண்டு வார்த்தை சத்தமாகப் படித்தார். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். என் வயது இருக்கும் ஒரு பெண் பூ வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்தார். "வா, இங்கன வேண்டாம்" என்று அடுத்த சுவருக்கு இழுத்துப் போனார். அங்கே சவரி முடி வாங்கப்படும் என்று ஒரு சின்ன நோட்டீஸ்தான் இருந்தது. அதை அவர் படித்தார், இன்னொரு தடவையும் படித்தார். என் கையை விடவில்லை. எனக்கு அன்று மூச்சு வாங்கவே இல்லை. இருந்தும், அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.